இடது கையின் பழக்கம்

1995ஆம் ஆண்டு. ஹைதராபாத்துக்கு வெளியே துண்டிகல் விமானப்படை அகாதமி. ஒரு நாள் காலையில் அறிவிப்புப் பலகையில் மூன்று தாள்கள் ஒட்டியிருந்தார்கள். முதல் தாளில் போர் விமானத்துக்குப் போகிறவர்கள், இரண்டாவதில் போக்குவரத்து விமானத்துக்கு, மூன்றாவதில் ஹெலிகாப்டருக்கு. என் பெயரை முதல் தாளில் மேலிருந்து கீழாகத் தேடினேன். பிறகு கீழிருந்து மேலாக. மூன்றாவது தாளில் இருந்தது. பக்கத்தில் நின்ற பஞ்சாபி நண்பன் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அவன் பெயர் முதல் தாளில். சில நாளில் பெட்டி கட்டியாயிற்று. அடுத்தது ஹக்கிம்பேட்டை, ஹெலிகாப்டர் பள்ளி.

அதற்குப் பிறகு இருபது வருடம் எதையும் நானாகத் தேர்ந்தெடுத்ததாக நினைவில்லை. ஊர், வீடு, பறக்கிற வண்டி, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் ஒரு சிக்னலில் வந்துவிடும். "போஸ்டிங் வந்திருக்கு" என்று நான் வாசலில் நின்று சொன்னால், மனைவி அடுப்படியில் இருந்தபடியே "குளிரா, வெயிலா?" என்று மட்டும் கேட்பாள். அதற்கேற்ப ஸ்வெட்டர் பெட்டி மேலே வரும் அல்லது பரணில் ஏறும். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸுக்குக் கணக்கு எழுதிய என் அப்பாவுக்கு இது பெரிய ஆச்சரியம். "ஒனக்கு யோசிக்கிற வேலையே இல்லையாலே?" என்பார். இல்லை. அது எவ்வளவு பெரிய சொகுசு என்று அப்போது தெரியாது.

ஹக்கிம்பேட்டையில் சேத்தக், பிறகு எம்.ஐ.-8, அதற்குப் பிறகு எம்.ஐ.-17. ஹெலிகாப்டரில் விமானியின் இரண்டு கைக்கும் இரண்டு வேலை. வலது கையில் சைக்ளிக் என்கிற தடி. எந்தத் திசையில் போக வேண்டுமோ அந்தப் பக்கம் சாய்க்க வேண்டும். இடது கையில் கலெக்டிவ். இருக்கைக்கு இடப்பக்கம், காரின் ஹேண்ட்பிரேக் போல இருக்கும். தூக்கினால் வண்டி ஏறும், தாழ்த்தினால் இறங்கும். இடது கையை மேலே தூக்கினால் உயிர் மேலே போகிறது என்பது இருபது வருடத்தில் எலும்புக்குள் இறங்கிவிட்ட பாடம். இன்ஜின் நின்றால் யோசிக்காமல் அந்தக் கை கீழே போக வேண்டும். அரை விநாடி தாமதித்தாலும் மேலே சுழலும் இறக்கை வேகம் இழந்துவிடும். சேத்தக்கில் எங்கள் வாத்தியார் எதிர்பாராத நேரத்தில் பவரைக் குறைப்பார். என் கை கீழே போன வேகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார். இந்த இடது கைதான் பின்னாளில் என்னைப் படுத்திய பாட்டுக்கெல்லாம் காரணம்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில்தான் வெளியே போகும் நினைப்பு முதன்முதலாக வந்தது. மீனம்பாக்கம் ஓடுதளம் நீரில் கிடந்தது. விமான நிலையத்தை மூடியிருந்தார்கள். நாங்கள் தாம்பரத்திலிருந்து உணவுப் பொட்டலமும் தண்ணீரும் ஏற்றிப் பறந்துகொண்டிருந்தோம். பயணிகள் விமானங்கள் அரக்கோணத்தில் இருக்கும் ராஜாளி கடற்படைத் தளத்துக்கு வந்தன. ஒரு வேலையாக அங்கே இறங்கியபோது, வெள்ளைச் சட்டையில் நான்கு பட்டையோடு ஒருவன் கையாட்டினான். என் கோர்ஸ்மேட். இரண்டாவது தாளில் பெயர் வந்தவன், ஏ.என்.-32 ஓட்டிவிட்டு வெளியே போய் ஏர்லைனில் கேப்டனாகியிருந்தான். நான் முழங்கால் வரை சேற்றோடு நின்றேன். அவன் என் ஓவராலைப் பார்த்தான், நான் அவன் ஷூவைப் பார்த்தேன்.

"எப்ப வெளியே வர்றே?"

"வந்து என்ன பண்றது?"

"அறுபத்தஞ்சு வயசு வரைக்கும் பறக்கலாம்டா. இங்கே உன்னை இன்னும் அஞ்சு வருஷத்துல மேஜையில உக்கார வெச்சுடுவாங்க."

அது உண்மை. நான் விங் கமாண்டர்; அதற்கு மேலே போகப் போக பறப்பது குறையும், கோப்பு கூடும். 2016 ஜூனில் எனக்குக் கமிஷன் கிடைத்து இருபது வருடம் முடியும்; பென்ஷன் உண்டு. வயது 42. அறுபத்தைந்து வரை இன்னும் 23 வருடம். அன்றைக்குத் தாம்பரம் திரும்பும்போது கீழே கூவத்தையும் அடையாற்றையும் பார்க்காமல் இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டு வந்தேன். துணை விமானி இரண்டு முறை உயரத்தை நினைவூட்டினான்.

முன்கூட்டிய விடுவிப்புக்கு எழுதிப் போட்டேன். உத்தரவு வந்தது. கோயம்புத்தூர் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி தினசரிக் காலண்டரில் கிழித்த மூன்று தாள்களின் பின்பக்கத்தைச் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்தாள். வங்கிக்காரி. கடன் கேட்டு வருகிறவர்களிடம் கேட்கிற மாதிரிதான் என்னிடமும் கேட்டாள்.

"ஏங்க, ஒவ்வொண்ணா சொல்லுங்க. எவ்வளவு செலவு, எத்தனை மாசம், மாசா மாசம் என்ன வரும், எந்த ஊரு."

முதல் தாள், மலை ஹெலிகாப்டர். கேதார்நாத், வைஷ்ணவ தேவி போன்ற இடங்களுக்கு பக்தர்களை ஏற்றிச் செல்லும் வேலை. எனக்கு உள்ள அனுபவத்துக்குப் பெரிய பயிற்சி எதுவும் வேண்டாம். தேர்வு எழுதி ஹெலிகாப்டர் லைசென்ஸ் வாங்கினால் போதும். அவள் அந்தத் தாளில் எதையும் எழுதவே இல்லை. 2013 ஜூனில் உத்தராகண்ட் வெள்ளத்தின்போது நான் அந்தப் பள்ளத்தாக்குகளில் பறந்துகொண்டிருந்தேன். ஜூன் 25 அன்று கேதார்நாத்திலிருந்து திரும்பிய எம்.ஐ.-17 ஒன்று கௌரிகுண்ட் அருகே விழுந்து 20 பேர் போனார்கள். டி.வி.யில் முதலில் பெயர் சொல்லவில்லை, வண்டி வகை மட்டும் சொன்னார்கள். நான் போன் செய்ய ஐந்து மணி நேரம் ஆயிற்று. "இது வேண்டாம்" என்று தாளை மடித்துக் காய்கறிக் கூடையில் போட்டாள். நானும் வாதாடவில்லை.

இரண்டாவது தாள், கடல் ஹெலிகாப்டர். மும்பை ஜுஹு விமான நிலையத்திலிருந்து பாம்பே ஹை எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆள் ஏற்றிப் போவது. கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் மேற்கே, கடலுக்கு நடுவில் இரும்பு மேடைகள். இரட்டை இன்ஜின், நல்ல கருவிகள், ஒழுங்கான சம்பளம், வாரக்கணக்கில் வேலை, வாரக்கணக்கில் விடுப்பு. தண்ணீருக்குள் கவிழ்ந்த கூண்டிலிருந்து வெளியே வரும் பயிற்சி ஒன்று உண்டு. அதை முடித்தாக வேண்டும். சொல்லப்போனால் நியாயமான வழி இதுதான். என் கூட ஹக்கிம்பேட்டையில் படித்த இன்னொருவன் இதைத்தான் எடுத்தான். இன்றும் சந்தோஷமாகப் பறக்கிறான். ஹெலிகாப்டர்காரன் ஹெலிகாப்டரிலேயே தொடர்வதில் எந்தக் குறைவும் இல்லை. பிறகு ஏன் நான் எடுக்கவில்லை? நேர்மையாகச் சொன்னால், பாதி காரணம் கோர்ஸ்மேட்டின் வெள்ளைச் சட்டை. மீதிப் பாதி, 1995இல் எனக்காக வேறு யாரோ ஒட்டிய அந்த மூன்றாவது தாள். ஒரு தடவையாவது நானாக ஒரு தாளை எடுக்க வேண்டும் என்று ஓர் அரிப்பு.

அப்படி எடுத்ததுதான் ஏரோப்ளேன் தாள். பணமும் நாளும் அதிகம் பிடிக்கிற தாளும் அதுதான். விமானப்படையில் நான் பறந்த ஆயிரக்கணக்கான மணி நேரம் ஹெலிகாப்டர் மணி நேரம். ஏரோப்ளேன் கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி வேண்டும் என்றால், என் மணிகளில் ஒரு பகுதிதான் கணக்கில் வரும். மீதியைச் சின்ன விமானத்தில் காசு கொடுத்துப் பறக்க வேண்டும். அதற்கு மேல் இரட்டை இன்ஜின், கருவிப் பறத்தல், அப்புறம் ஏர்லைன் ஓட்டும் குறிப்பிட்ட விமானத்துக்கான டைப் ரேட்டிங். ஏ.என்.-32காரனுக்கு இந்த வேதனை பாதிகூட இல்லை. அவன் ஏற்கெனவே இரட்டை இன்ஜின் விமானத்தில் உட்கார்ந்திருந்தவன்.

"கிராஜுவிட்டியில பாதி போயிடும்" என்றாள்.

"போகும்."

"பாப்பா பத்தாவது. நீங்க ஹாஸ்டல்ல, நான் இங்க."

"ஒரு வருஷம்."

அவள் பேனாவை மூடினாள். ஒரு வருஷம் என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

எங்கே பயிற்சி எடுப்பது? இங்கேதான் முதல் தப்பைச் செய்தேன். ஓர் ஏஜென்ட் கிடைத்தார். அமெரிக்காவில் ஃப்ளோரிடா, நல்ல வெயில், தினமும் பறக்கலாம், தொண்ணூறு நாளில் எல்லாம் முடிந்துவிடும் என்றார். இராணுவ விமானிக்குப் பள்ளியில் தனிச் சலுகையாம். பட்டாளத்துக்காரனுக்கு "தொண்ணூறு நாள்" என்ற சொல் இனிக்கும். தேதி போட்ட எதையும் நம்பிவிடுவோம். மூன்று லட்சம் முன்பணம் கட்டினேன். அங்கே வாங்கும் லைசென்ஸை இங்கே மாற்ற மறுபடி தேர்வு எழுத வேண்டும், இங்கே மறுபடி விமானத்தில் ஏறிச் சோதனை கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் அவர் சிரித்த முகத்தோடு சொல்லாமல் விட்டுவிட்டார். நானே விதிகளைப் படித்துக் கண்டுபிடித்து, பணத்தைத் திருப்பிக் கேட்டபோது போன் எடுப்பதை நிறுத்தினார். மூன்று லட்சம் போயிற்று. மனைவி இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் வீட்டில் யாராவது எதையாவது அவசரமாக வாங்கப் போனால், "தொண்ணூறு நாள்ல வந்துடுமா?" என்று கேட்பாள்.

இந்த நிலையில்தான் சேலையூரில் இருந்த பழைய சார் ஒருவரைப் பார்க்கப் போனேன். தாம்பரம் விமானப் பயிற்றுநர் பள்ளியில் வாத்தியார்களுக்கே வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வேட்டியில் உட்கார்ந்து மல்லிகைச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். நான் என் மணிக்கணக்கை ஒப்பித்தேன். இவ்வளவு பகல், இவ்வளவு இரவு, இவ்வளவு மலை, கருவிப் பறத்தலில் மாஸ்டர் கிரீன் கார்டு. கேட்டுவிட்டுக் கையைத் துடைத்தார்.

"வண்டில ஹொரைசன் எப்படி?"

கேள்வி சட்டென்று புரியவில்லை. பிறகு உறைத்தது. மேகத்துக்குள் போனால் வானமும் தரையும் தெரியாது. செயற்கைத் தொடுவானம் என்கிற கருவியைப் பார்த்துத்தான் வண்டி சாய்ந்திருக்கிறதா என்று அறிவோம். எங்கள் ரஷ்யக் கருவியில் தொடுவானக் கோடு அசையாமல் நிற்கும். குட்டி விமான உருவம் சாயும். பின்னால் நின்று வண்டியைப் பார்க்கிற மாதிரி. மேற்கத்தியக் கருவியில் விமான உருவம் நிற்கும், தொடுவானம் சாயும். உள்ளே உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்க்கிற மாதிரி. இரண்டும் சரிதான். ஆனால் ஒன்றில் பழகியவன் நெருக்கடியில் இன்னொன்றைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் திருப்பிவிடலாம்.

சார் இரண்டு விபத்தைச் சொன்னார். 2000 ஜனவரி 10, சூரிச்சிலிருந்து கிளம்பிய சாப் 340 சில நிமிடத்தில் விழுந்து பத்துப் பேரும் இறந்தார்கள். 2008 செப்டம்பர் 14, ரஷ்யாவின் பெர்ம் நகரில் போயிங் 737, 88 பேர். இரண்டு விசாரணையிலும் மற்றக் காரணங்களோடு இந்தத் தொடுவானப் பழக்கமும் பேசப்பட்டது. இருட்டில், களைப்பில், பழைய கண் திரும்பி வந்துவிடுகிறது.

"எல்லாரும் எத்தனை மணி நேரம் தெரியும்னு எழுதிட்டு வர்றீங்க. நீ மறக்க வேண்டியதை ஒரு பேப்பர்ல எழுதிட்டு வா. அப்புறம் எந்த ஸ்கூல்னு பேசலாம்."

கோவைக்குத் திரும்பும் ரயிலில் எழுதினேன். ரஷ்யத் தொடுவானம். கிலோமீட்டரில் காட்டும் வேகமானி, இனி நாட். நின்ற இடத்தில் மிதக்கலாம் என்கிற தைரியம். இடது கை. கடைசியில் எழுதிச் சற்று யோசித்து அடித்துவிட்டு, மறுபடி எழுதியது: விங் கமாண்டர்.

அந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தபோது தொண்ணூறு நாள் எவ்வளவு அபத்தம் என்று புரிந்தது. அந்த அவசரத்தில் மணி ஏறும், கை மாறாது. சார் சொன்ன யோசனைப்படி மகாராஷ்டிராவில் ஒரு சிறு நகரத்துப் பள்ளியில் சேர்ந்தேன். மற்ற மாணவர்கள் பறக்கும்போது பின் இருக்கையில் உட்கார்ந்து பார்க்க அனுமதிப்பார்கள். சான்றிதழுக்கும் எனக்கும் நடுவே கடல் கிடையாது. குறைகளும் ஏராளம். நான்கு விமானத்தில் இரண்டு, உதிரி பாகத்துக்காகக் காத்து நிற்கும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் மேகம் தரையிலேயே கிடக்கும். சின்ன விமானம் குடிக்கும் ஏவ்காஸ் அப்போதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். நம் நாட்டில் வதோதராவில் இந்தியன் ஆயில் அதைத் தயாரிக்க ஆரம்பித்தது 2022இல்தான். ஆகவே "இன்னைக்கு எண்ணெய் இல்லை" என்பதும் ஒரு வானிலை அறிக்கையே.

என் பயிற்றுநருக்கு வயது 24. நாக்பூர்ப் பெண். முதல் நாள் நான் "குட் மார்னிங் மேம்" என்றதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். இரண்டு பேரும் சிறிது நேரம் நின்றுகொண்டே இருந்தோம். கடைசிவரை அவர் எனக்கு "சார்", நான் அவருக்கு "மேம்". இதைவிட நல்ல ஏற்பாடு வேறு இருக்க முடியாது.

செஸ்னா 172இல் மாணவன் இடது பக்கம் உட்கார வேண்டும். எம்.ஐ.-17இலும் கேப்டன் இடது பக்கம்தான். ஆகவே இருக்கை பழகியது. கைதான் மாறியது. இடது கையில் யோக். காரின் ஸ்டியரிங்கில் மேல்பாதியை வெட்டி எடுத்த மாதிரி ஒரு சக்கரம். வலது கையில் த்ராட்டில். என் கைகள் இருபது வருடமாகக் கட்டிய குடித்தனத்தை அப்படியே இடம் மாற்றி வைத்துவிட்டார்கள்.

மூன்றாவது நாள், மூவாயிரம் அடியில், மேம் ஒன்றும் சொல்லாமல் த்ராட்டிலை மூடினார். இன்ஜின் சத்தம் இறங்கியது. என் இடது கை யோக்கை விட்டுவிட்டு, இருக்கைக்கு இடப்பக்கம் கீழே பாய்ந்து, இல்லாத கலெக்டிவைத் தேடியது. கதவுக்கும் இருக்கைக்கும் நடுவில் என் விரல்கள் காற்றைப் பிசைந்துகொண்டிருந்தன. அதே நொடியில் வலது கை யோக்கைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தது. ஹெலிகாப்டரில் அது சரி. வேகத்தைக் குறைத்துச் சுழற்சியைக் காப்பாற்றும். ஏரோப்ளேனில் அது சாவு. மூக்கு மேலே ஏற, வேகம் குறைய, இடது இறக்கையின் முன் விளிம்பில் இருந்து ஒரு ஓசை கிளம்பியது. இறக்கை தூக்குவிசையை இழக்கப் போகிறது என்று சொல்லும் செஸ்னாவின் ஸ்டால் எச்சரிக்கை, காற்றை உறிஞ்சி ஊதும் ஒரு பீப்பிதான். நாதஸ்வரக்காரர் கச்சேரிக்கு முன் சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதிப் பார்ப்பாரே, அதே சத்தம். கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் கோவிலில் சின்ன வயதில் கேட்ட சத்தம், மூவாயிரம் அடியில்.

மேம் யோக்கை முன்னால் தள்ளினார். மூக்கு தாழ்ந்தது, சீவாளி அடங்கியது, வேகம் 65 நாட் அளவுக்கு வந்து நின்றது.

"சார், கீழே எதைத் தேடினீங்க?"

"என் பழைய வேலையை."

அவர் சிரிக்கவில்லை. மூன்று முறை மறுபடி செய்யச் சொன்னார்.

இறங்குவது அடுத்த கூத்து. ஹெலிகாப்டர் விமானியின் கண் தரையில் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேலே வந்து நிற்கத் தயாராகும். நான் ஓடுதளத்துக்குப் பதினைந்து அடிக்கு மேலேயே மூக்கைத் தூக்கி நிற்கப் பார்த்தேன். நிற்குமா? பொத்தென்று விழுந்தது. "சார், இது நிற்காத வண்டி. நிறுத்தப் பார்க்காதீங்க. ஓடுதளத்தோட கடைசியைப் பாருங்க." இந்த ஒரு வாக்கியத்தை அவர் எத்தனை முறை சொன்னார் என்று எண்ணவில்லை. ராத்திரி ஹாஸ்டலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு தட்டை யோக்காகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி இன்ஜினை அணைப்பேன். தட்டை முன்னால் தள்ளுவேன். அறைக்கூட்டாளி, பத்தொன்பது வயதுப் பையன், முதல் வாரம் பயந்தான். இரண்டாவது வாரம் அவனே எதிர்பாராத நேரத்தில் "இன்ஜின் போச்சு அங்கிள்!" என்று கத்த ஆரம்பித்தான். சேத்தக் வாத்தியாருக்கு அடுத்தபடி எனக்குக் கிடைத்த நல்ல வாத்தியார் அவன்.

தேர்வுகளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வில் கம்ப்யூட்டர் நம்பர் வாங்கி எழுத வேண்டும். தேற 70 மதிப்பெண். வானிலை எனக்குச் சுலபம். அதில் நனைந்தே வளர்ந்தவன். விதிகள் தாளில் தடுமாறினேன். சென்னையில் தேர்வு மையத்து வாசலில் ஒரு பையன் மரியாதையாக, "அங்கிள், உங்க பையன் எந்த ரூம்?" என்று கேட்டான். நானும் ஏதோ ஒரு ரூம் நம்பரைச் சொன்னேன்.

ரேடியோ லைசென்ஸுக்கான வாய்மொழித் தேர்வில் முதல் முறை தேறவில்லை. இருபது வருடம் ரேடியோவில் பேசியவன்! பாவனையாக ஓடுதளத்தின் முனையில் நிற்கிறேன். "ரெடி ஃபார் டேக்-ஆஃப்" என்றேன். தேர்வாளர் பேனாவை வைத்துவிட்டார். "டேக்-ஆஃப்" என்ற சொல்லைக் கட்டுப்பாட்டுக் கோபுரம் அனுமதி கொடுக்கும்போதும், அதை ரத்து செய்யும்போதும், நாம் அதைத் திருப்பிச் சொல்லும்போதும்தான் சொல்லலாம். மற்ற நேரம் "டிபார்ச்சர்". 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுதளத்தில் மோதி 583 பேர் இறந்ததற்குப் பின்னால் இப்படியொரு சொற்குழப்பமும் இருந்தது. அதற்குப் பிறகுதான் இந்தக் கட்டுப்பாடு இறுகியது. எனக்கு விதி தெரியும், நாக்குக்குத் தெரியவில்லை. பட்டியலில் "நாக்கு" என்று சேர்த்துக்கொண்டேன்.

இவ்வளவுக்கும் நடுவில் என்னை உண்மையிலேயே தடுத்து நிறுத்தியது ஒரு கையெழுத்து. விமானப்படையில் மாதக் கடைசியில் லாக்புக்கில் பறந்த மணிகளுக்கு மொத்தம் போட்டு மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். 2003இல் ஒரு மாதப் பக்கத்தில் அது இல்லை. அந்த மாதம் நாங்கள் இடம் மாறிக்கொண்டிருந்தோம். பெட்டியும் லாரியுமாக இருந்த நேரம். யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. ஹெலிகாப்டர் மணிகளைக் கணக்கில் எடுக்கச் சான்றளித்த பிரதி வேண்டும் என்றதும், ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும் புத்தகத்துக்குச் சான்றளிக்க முடியாது என்று ஓர் அலுவலகத்தில் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரி. அந்த யூனிட் வேறு ஊருக்குப் போய்விட்டது. கையெழுத்துப் போட வேண்டியவர் ஓய்வு பெற்றுவிட்டார். உள்ளே இருந்திருந்தால் ஒரு போன் காலில் முடிந்திருக்கும். வெளியே வந்த பிறகு நான் கேட்டில் நுழைவதற்கே சீட்டு எழுத வேண்டியிருந்தது. காவலில் நின்ற பையன் என் ஆதார் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பழைய பறத்தல் பதிவேட்டைத் தேடி எடுத்து, ஒப்பிட்டு, முத்திரை வாங்க நான்கு மாதம் ஆயிற்று. மழைக்காலத்தைவிட நீளமான மழைக்காலம் அது.

2018 கடைசியில் லைசென்ஸ் கைக்கு வந்தது. அடுத்த வருடம் ஏ.டி.ஆர். 72 ஓட்டும் ஒரு கம்பெனியில் துணை விமானியாகச் சேர்ந்தேன். கோர்ஸ்மேட் பெரிய ஜெட்டுக்குக் காத்திருக்கச் சொன்னான். எனக்கு டர்போப்ராப் பிடித்திருந்தது: குறுகிய ஓடுதளம், தாழ்வான உயரம், ஒரு நாளைக்குப் பல முறை ஏறி இறங்குவது. ஹெலிகாப்டர்காரன் மனசுக்கு நெருக்கமான வாழ்க்கை. துணை விமானி வலது பக்கம் உட்காருவான். வலது கையில் யோக், இடது கையில் பவர் லீவர். சிமுலேட்டரில் முதல் நாள் இடது கை லீவர் மேல் படிந்ததும் நான் பேசாமல் கொஞ்ச நேரம் இருந்தேன். அதற்குப் பழைய வேலை திரும்பக் கிடைத்திருந்தது; தூக்குவதற்குப் பதிலாக முன்னால் தள்ள வேண்டும், அவ்வளவுதான். தூத்துக்குடி வாகைக்குளத்தில் முதல் தடவை இறங்கியபோது கீழே உப்பளங்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. அப்போது அங்கே ஓடுதளம் டர்போப்ராப் மட்டும் இறங்கும் அளவுக்குத்தான். அதன் கடைசியைப் பார்த்து இறக்கினேன்.

2020 மார்ச் 25 அன்று உள்நாட்டு விமானங்கள் எல்லாம் நின்றன. மே 25 வரை பறத்தல் இல்லை, அதற்கு அப்புறமும் நெடுநாள் பாதிச் சம்பளம். மனைவி அந்தக் காலண்டர் தாள்களை எடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. நான் பார்த்தேன். 2023இல் கேப்டனாகி இடது இருக்கைக்கு வந்தபோது கைகள் மறுபடி இடம் மாறின. ஐம்பது வயதை நெருங்கும்போது இன்னொரு தடவை பிளாஸ்டிக் நாற்காலி, தட்டு. இந்த முறை "இன்ஜின் போச்சு!" என்று கத்தியது என் மகள்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது சூலூரிலோ தாம்பரத்திலோ பேப்பர் போடும் யோசனையில் இருந்தால், ஜுஹுவா ஏர்லைனா, இங்கேயா வெளிநாட்டிலா என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் கை எதை மறக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யுங்கள். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கும் நாளுக்கு முன்னால் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கி, லாக்புக்கை முதல் பக்கத்திலிருந்து புரட்டுங்கள். கையெழுத்து இல்லாத மாதம் ஒன்று கட்டாயம் இருக்கும். திங்கட்கிழமை காலையிலேயே போய் வாங்கிவிடுங்கள்.